மறுபக்கம்

துணிக்கடையில் ஒரு சேலையை விரித்துப் போட்டால் நீங்கள் எதைப் பார்ப்பீர்கள் நண்பர்களே? கலரைப் பார்ப்போம். பார்டரைப் பார்ப்போம். நைசாக விலைச்சீட்டைப் பார்ப்போம். என் அம்மா அப்படியல்ல. முதலில் துணியைப் புரட்டிப் பின்பக்கத்தைத்தான் பார்ப்பாள். "முன்னாடி எல்லாவனும் சிரிப்பான்யா... பின்னாடி எப்படி இருக்கான்னு பாக்கணும்" என்பாள். இருபது வருஷமாக வீட்டுத் திண்ணையில் தையல் மிஷின் மிதிக்கிறவள். துணி விஷயத்தில் அவள் சொன்னால் சொன்னதுதான்.

இந்தக் கட்டுரையும் ஒரு பின்பக்கத்தைப் பற்றியதுதான். அதில் நான் செய்த ஒரு தப்பும் உண்டு. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

எங்கள் மாமா கப்பலில் ஆயில்மேன். தூத்துக்குடியில் தெருவுக்கு ஒரு கப்பல்காரர் இருப்பார் என்பது உங்களுக்கே தெரியும். ஊருக்கு வரும்போதெல்லாம் சாக்லேட், சென்ட் பாட்டில், டார்ச் லைட் என்று ஏதாவது கொண்டு வருவார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பனாமாவில் சைன்-ஆஃப் ஆகி வந்தவர், பெட்டியின் அடியிலிருந்து ஒரு துணியை எடுத்தார். ஒன்றரை அடி அகலம் இருக்கும். சிவப்புத் துணியில் வளைந்து வளைந்து கோடுகள். கோட்டுக்குள் கோடு, அதற்குள் இன்னொரு கோடு. நடுவே இரண்டு பறவைகள் எதிரெதிரே பார்த்துக்கொண்டு நின்றன. சிவப்புக்கு அடியிலிருந்து மஞ்சளும், மஞ்சளுக்கு அடியிலிருந்து கறுப்பும் எட்டிப் பார்த்தன.

"இருவது டாலர் சொன்னா மருமவனே. பத்துக்குக் கேட்டேன். சிரிச்சுக்கிட்டே மடிச்சு உள்ள வச்சிட்டா. பொறவு இருவதே குடுத்து வாங்கினேன்" என்றார் மாமா.

அம்மா வாங்கினாள். புரட்டினாள். வெகுநேரம் பேசவே இல்லை.

"ஏய்யா, ஒரு இஞ்சுக்கு எத்தனை தையல்னு எண்ணிச் சொல்லு."

எண்ணினேன். பதினாறு. எல்லாம் கையால் போட்டது. ஒன்றுகூட சாயவில்லை.

"திருச்செந்தூர்த் தேருல தொம்பை தொங்குமே, அந்த மாதிரி ஒட்டுத் தையல்னு நெனச்சேன்" என்றாள் அம்மா. பிறகு விரலால் ஒரு கோட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "இல்லய்யா... இது ஒட்டுனது இல்ல. வெட்டுனது" என்றாள்.

நம் ஊர்த் தேர்களில் உருண்டையாக, நீளமாகத் தொங்குகிற தொம்பையை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். தஞ்சாவூர் வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாகச் செய்கிறார்கள். தாமரை, அன்னம், யாளி என்று உருவங்களைக் கலர்த் துணியில் வெட்டி, அடித்துணியின் மேல் வைத்துத் தைப்பார்கள். மாமா கொண்டு வந்தது இதற்கு நேர் எதிர். இரண்டு, மூன்று, சில சமயம் அதற்கும் மேல், பல நிறத் துணிகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி முதலில் நூலோட்டிக் கொள்வார்கள். பிறகு மேல் துணியை மட்டும் கத்தரியால் கீறி, வெட்டிய ஓரத்தை உள்பக்கமாக மடித்து, அதே நிற நூலால் பொடித் தையல் போடுவார்கள். கீறின இடத்தில் அடித்துணியின் நிறம் தெரியும். இன்னும் கீறினால் அதற்கும் அடியில் உள்ளது தெரியும்.

நம் பாஷையில் சொன்னால் தொம்பை என்பது வெல்டிங், இது மில்லிங். அது கூட்டல், இது கழித்தல். ஒர்க் ஷாப்பில் ஜாப்பில் ஒரு மில்லிமீட்டர் அதிகமாக வெட்டிவிட்டு முழித்தவர்களுக்குத் தெரியும், கழித்தல் வேலையில் தப்பு செய்தால் திரும்ப ஒட்ட முடியாது!

அந்தத் துணிக்குப் பெயர் மோலா. செய்கிறவர்கள் குணா என்ற பழங்குடிப் பெண்கள். (1991-ல் வந்த கமல் படம் அல்ல, அவசரப்படாதீர்கள்!) பனாமா நாட்டின் கரீபியன் கடற்கரையை ஒட்டி முன்னூற்றுக்கும் மேற்பட்ட சிறு தீவுகள் இருக்கின்றன. அவற்றில் சுமார் ஐம்பதில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். அந்தப் பகுதிக்கு குணா யாலா என்று பெயர். தென்னை வளர்க்கிறார்கள், மீன் பிடிக்கிறார்கள், மூச்சடக்கி மூழ்கிச் சிங்கிறால் எடுக்கிறார்கள். கொலம்பியா நாட்டுப் படகுகள் வந்து தேங்காயை வாங்கிக்கொண்டு சாமான்கள் கொடுத்துவிட்டுப் போவது பழைய வழக்கம். நம் தோணிகள் காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போகிற கதைதான். மாமா சொல்லச் சொல்ல, 'அட, இது நம்ம ஆளுங்க மாதிரில்லா இருக்கு' என்று தோன்றியது.

மோலா என்றால் அவர்கள் பாஷையில் உடுப்பு. சட்டையின் முன்பக்கத்துக்கு ஒன்று, முதுகுப் பக்கத்துக்கு ஒன்று என்று ஜோடியாகத் தைப்பார்கள். இரண்டும் அக்கா தங்கை மாதிரி. சாயல் இருக்கும், ஆனால் ஒன்றுபோல் இருக்காது. முன்காலத்தில் உடம்பிலேயே வரைந்துகொண்ட கோலங்கள்தான், வியாபாரத்தில் துணி கிடைக்கத் தொடங்கியபின் துணிக்கு ஏறின என்று சொல்கிறார்கள். நல்ல மோலா ஒன்று முடிய வாரக்கணக்கு ஆகும், சிலதுக்கு மாதக்கணக்கு.

அந்த உடுப்புக்காகச் சண்டையே நடந்திருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பனாமா அரசு, 'நாகரிகப்படுத்துகிறோம்' என்று சொல்லிக் குணாப் பெண்கள் மூக்கு வளையம் போடக்கூடாது, காலில் பாசிமணி கட்டக்கூடாது, மோலா உடுத்தக்கூடாது என்று போலீஸை வைத்து நெருக்கியது. 1925 பிப்ரவரியில் குணா மக்கள் கிளர்ந்து எழுந்தார்கள். 1938-ல் அந்தத் தீவுப் பகுதி தனி ஆட்சிப் பகுதியாக ஏற்கப்பட்டது. சட்டை போடும் உரிமைக்காக எழுந்த ஒரு ஊர்! அந்தச் சட்டையின் ஒரு பக்கம்தான் எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டிக்கு வந்து சேர்ந்திருந்தது.

இனி என் தப்புக்கு வருகிறேன்.

இரண்டாம் ஆண்டு முடிந்த லீவில் ஒரு கம்ப்யூட்டர் எம்பிராய்டரி கடையில் பகுதி நேர வேலைக்குச் சேர்ந்தேன். கடை அண்ணாச்சி நல்ல மனுஷர்தான். பசித்த முகத்தோடு போனால் புரோட்டா வாங்கிக் கொடுப்பார். டிசைனைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, எந்த இடத்தில் எந்தத் தையல், எத்தனை அடர்த்தி, நூல் எந்த வரிசையில் மாற வேண்டும் என்று போட்டு மிஷினுக்குக் கொடுப்பது என் வேலை. கேட் படித்த நமக்கு அது கஷ்டமே இல்லை. ஒருநாள் பெருமைக்காக மோலாவைப் போட்டோ எடுத்து அண்ணாச்சியிடம் காட்டினேன்.

"ஏல, இது எங்க கெடச்சிது? பிளவுஸ் முதுகுல போட்டா அள்ளிக்கிட்டுப் போவும்லா! நீ டிசைனா போட்டுக் குடு. நாலாயிரம் தாரேன்."

நாலாயிரம்! எனக்கு அப்போது செமஸ்டர் ஃபீஸ் பாக்கி. இரண்டு பேப்பர் அரியர் வேறு. அம்மா யாரிடமோ கைமாற்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் யோசிக்கவில்லை. யோசிக்க என்ன இருக்கிறது என்றுகூட யோசிக்கவில்லை. நான்கு ராத்திரி உட்கார்ந்து வரைந்து முடித்தேன். முப்பத்திரண்டாயிரம் தையல். மிஷின் நாற்பது நிமிஷத்துக்குச் சற்றே கூடுதலாக ஓடி ஒரு முதுகை முடித்தது. பார்க்க அதே பறவைகள், அதே கோடுகள். அண்ணாச்சி என் முதுகில் தட்டினார்.

மாதிரித் துண்டை அம்மாவிடம் கொண்டு போய்க் காட்டினேன். வழக்கம்போல் புரட்டினாள். பின்னால் வெள்ளைப் பேப்பர் பேக்கிங்கும் வெள்ளை பாபின் நூலும்தான். 'நல்லாருக்கு' என்றோ 'நல்லா இல்லை' என்றோ சொல்லவில்லை.

"ஏய்யா, இதுல அந்தப் பொம்பளைக்கு என்ன குடுப்பிய?"

"எந்தப் பொம்பளைக்கும்மா?"

"மாமாகிட்ட வெல குறைக்காதவளுக்கு."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அம்மா கேட்டதன் பொருள் எனக்கு உறைத்தது மூன்றாம் ஆண்டுக் கல்விச் சுற்றுலாவில்தான். ஊட்டிக்குப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? நீங்களெல்லாம் படகுக்கும் வர்க்கிக்கும் ஓடினபோது, தாவரவியல் பூங்காவுக்கு மேலே இருக்கிற தோடர் மந்துக்கு நாங்கள் நாலு பேர் ஏறினோம். மந்து என்றால் அவர்கள் குடியிருப்பு. வெயிலில் உட்கார்ந்து ஒரு பாட்டி வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக நூல் ஓட்டிக்கொண்டிருந்தார். அது பூத்குளி. தோடர்கள் போர்த்திக்கொள்ளும் சால்வை. நல்ல நாளிலும் போர்த்துவார்கள், இறந்தவரையும் அதில்தான் பொதிவார்கள். அந்தத் தையல் வேலைக்குப் புகூர் என்று பெயர்.

வரைபடம் கிடையாது. பென்சில் கோடு கிடையாது. வட்டச் சட்டம் கிடையாது. துணியின் இழைகளை எண்ணி எண்ணி ஊசி ஏறி இறங்குகிறது. அவ்வளவுதான். நாமெல்லாம் எக்ஸ், ஒய் என்று கோஆர்டினேட் போட்டுச் செய்வதை அந்தப் பாட்டி விரல் நுனியில் செய்துகொண்டிருந்தார்.

"ஒரு இழை தப்பிட்டா என்ன பண்ணுவீங்க பாட்டி?" என்று கேட்டேன்.

"பிரிக்கணும். வேற என்ன?" என்றார்.

நான் துணியைப் பார்த்து, "மேல்பக்கம் அழகா இருக்கு" என்றேன். பாட்டி சிரித்தார். நான் மேல்பக்கம் என்று நினைத்தது அடிப்பக்கமாம்! தைக்கும்போது அடியில் இருக்கிற பக்கம்தான் தோடர் தையலில் முகப்பு. சின்னச் சின்ன நூல் முடிச்சுபோல் எழும்பி நிற்கிற அந்தப் பக்கத்தைத்தான் வெளியே தெரியப் போர்த்துவார்கள். எனக்கு உடனே அம்மா ஞாபகம் வந்துவிட்டது. மறுபக்கத்தையே முகமாக வைத்துக்கொண்ட ஒரு கூட்டம் இந்தத் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது என்று அம்மாவுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

கீழே இறங்கி வந்தபோது ஒரு கடையில் அதே சிவப்பு, கறுப்பு டிசைனில் சால்வை தொங்கியது. விலை மலிவு. மேலே பாட்டி சொன்ன விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. புரட்டிப் பார்த்தேன். மிஷின் தையல். பின்னால் அதே வெள்ளை பாபின் நூல். என் கடைச் சரக்குதான்! அதே வேலையைச் செய்த என்னை மாதிரி ஒருவன் எங்கேயோ கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நாலாயிரம் வாங்கியிருப்பான். பாட்டியின் முகம் கண்முன்னால் வந்தது. பனாமாக்காரி எனக்கு முகம் தெரியாதவள். ஆனால் இந்தப் பாட்டியின் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறேன். இனிமேல் 'எந்தப் பொம்பளை' என்று கேட்க முடியாது.

ஊருக்கு வந்து தேடிப் படித்தேன். தோடர் எம்பிராய்டரிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. நம் மாவட்டத்தில் கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-ல் கிடைத்ததே, அதே குறியீடு. வேறு ஊரில் செய்த மிட்டாயைக் கோவில்பட்டி மிட்டாய் என்று சொல்லி விற்கக்கூடாது. மோலாவுக்கும் காவல் உண்டு. பனாமா அரசு 2000-ஆம் ஆண்டில் 20-ஆம் எண் சட்டம் கொண்டு வந்து, பழங்குடிகளின் கலை அந்தந்தச் சமூகம் முழுவதற்கும் சொந்தம் என்று வைத்தது. 2019-ல் நைக்கி கம்பெனி ஒரு ஷூவில் மோலா டிசைனைப் போட்டு, அதைப் போர்ட்டோ ரிக்கோ கலை என்று அறிவித்தது. குணா மக்கள் எதிர்த்தார்கள். அந்த ஷூ வெளியாகாமலே நின்றது. அத்தனை பெரிய கம்பெனியை நிறுத்திய தீவுக்காரர்கள், தூத்துக்குடியில் ஒரு சந்துக்குள் நான் செய்ததை எப்படி அறிவார்கள்? அறியமாட்டார்கள். அதுதான் என்னை உறுத்தியது.

அந்தத் தீவுக்காரர்களுக்கு இன்னொரு கவலையும் இருக்கிறது. கடல் ஏறுகிறது. 2024 ஜூனில் கார்டி சுக்துப் என்ற தீவிலிருந்து சுமார் 300 குடும்பங்கள் நிலப்பகுதியில் கட்டிய புது ஊருக்குக் குடிபெயர்ந்தன. நமக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு ஏற்கெனவே கடலுக்குள் போய்விட்டன. பவளப்பாறையைக் காலங்காலமாக வெட்டி எடுத்ததும் அதற்கு ஒரு காரணம். நம் வான் தீவு கரைந்துகொண்டே வந்து, அதைக் காக்கச் செயற்கைப் பாறைகளை இறக்கியிருக்கிறார்கள். தீவு போனாலும் கூடவே எடுத்துக்கொண்டு போகக் கூடியது கையில் உள்ள தொழில்தான். அதையும் நாம் எடுத்துக்கொண்டால்?

அண்ணாச்சியிடம் போய் டிசைனை அழித்துவிடலாம் என்றேன். அவர் கோபப்படவில்லை. "ஏல, உலகத்துல எவன்டா காப்பி அடிக்கல? ஜப்பான்காரன் முத்தையே வளத்து வித்தான். அது தப்பா?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. தாத்தாவிடம் கேட்டேன். தாத்தா 1961-ல் நடந்த முத்துக்குளிப்பைப் பார்த்தவர். நம் கடலில் நடந்த கடைசி முத்துக்குளிப்பு அது. காலில் கல்லைக் கட்டி இறங்கியதையும், மேலே தோணியில் கயிறு பிடித்தவனின் கையில்தான் உயிர் இருந்ததையும் நூறு தடவை சொல்லியிருக்கிறார்.

"வளத்த முத்து தப்பில்லடா பேரா" என்றார் தாத்தா. "நம்ம ஊர்லயே கடல்மீன் ஆராய்ச்சிக்காரங்க 1973-ல வளத்துக் காட்டுனாங்க. அதுவும் சிப்பிக்குள்ள வெளஞ்ச முத்துதான். அத வளத்த முத்துன்னு சொல்லித்தான விக்கான்? பிளாஸ்டிக் மணியக் கோத்து வச்சுக்கிட்டு தூத்துக்குடி முத்துன்னு விக்கான் பாரு... அவன்தான் களவாணி."

இவ்வளவுதான் நண்பர்களே. எனக்கு விளங்கிவிட்டது. பிறரிடம் கற்றுக்கொள்வது தப்பில்லை. யாரிடம் கற்றோம் என்பதை மறைப்பதும், அவர்கள் உழைப்பை அரைவிலைக்கு அடித்து அவர்கள் பிழைப்பில் கை வைப்பதும்தான் தப்பு.

ஆனால் கதை சினிமா மாதிரி முடியவில்லை. டிசைன் ஃபைல் அண்ணாச்சியின் பென் டிரைவில் இருந்தது. என் கம்ப்யூட்டரில் இருந்ததைத்தான் என்னால் அழிக்க முடிந்தது. நாலாயிரத்தை நான் ஏற்கெனவே ஃபீஸ் கட்டிவிட்டேன். திருப்பிக் கொடுக்க என்னிடம் இல்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்குப் பிளவுஸ்கள் நன்றாக விற்றன. நான் வேலையை விட்டேன். அதனால் நஷ்டம் எனக்குத்தான், அண்ணாச்சிக்கு இல்லை.

தை மாதம் ஒரு கல்யாண வீட்டில் அம்மாவுக்கு முன்வரிசையில் ஒரு அக்கா அந்தப் பிளவுஸைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு பறவைகளும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அம்மா திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அதற்கு அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், அம்மா மிஷினை மூடி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். முன்னால் கிழிந்த பருத்திச் சேலைகள், சிவப்பும் மஞ்சளும் நீலமும். மூன்றையும் அடுக்கி நூலோட்டி, மேல் துணியைக் கீறிக்கொண்டிருந்தாள். பறவை இல்லை. ஒரு சங்கு! நம் கடலில் மூழ்கி எடுக்கிற சங்கு. சுருள் சுருளாக உள்ளே போகிற அந்தக் கோடு மோலாவுக்கென்றே பிறந்த மாதிரி இருந்தது.

"தையல் அவியளுது. சங்கு நம்மளுது" என்றாள்.

மூன்று வாரம் ஆகியும் பாதிதான் முடிந்திருக்கிறது. வளைவில் துணி சுருங்கிக்கொள்கிறது. இஞ்சுக்குப் பதினாறு வரவில்லை, பத்துதான் வருகிறது. பிரித்துப் பிரித்துப் போடுகிறாள். தெருவில் யார் வந்து கேட்டாலும் மாமா கொண்டு வந்த துணியை எடுத்துக் காட்டி, "பனாமாவுல குணான்னு ஒரு சனம், அவியகிட்ட படிச்சது" என்று முதலில் அதைச் சொல்லிவிட்டுத்தான் தன்னுடையதைக் காட்டுகிறாள். காட்டும்போது புரட்டித்தான் காட்டுகிறாள்!

நண்பர்களே, இன்னும் சில மாதங்களில் நாம் கோயம்புத்தூருக்கும் ஓசூருக்கும் சென்னைக்கும் கல்ஃபுக்கும் பிரிந்து போகப் போகிறோம். நம்மிடம் யாராவது ஒரு சாமானைக் கொடுத்து 'இதே மாதிரி போட்டுக் கொடு தம்பி' என்று கேட்கத்தான் போகிறார்கள். நமக்குக் கையும் இருக்கிறது, கம்ப்யூட்டரும் இருக்கிறது, பணத்துக்கு முடையும் இருக்கிறது. அப்போது முதலாண்டில் நமக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். டிராயிங் ஷீட்டின் வலது கீழ் மூலையில் டைட்டில் பிளாக் போட்டு, வரைந்தவர் பெயர் எழுத வேண்டும். எவ்வளவு அழகாக வரைந்திருந்தாலும் பெயர் இல்லாத ஷீட்டை ஆசிரியர் திருப்பித்தான் எறிவார்.

நான் போட்ட முப்பத்திரண்டாயிரம் தையலில் அந்தப் பெயர் இல்லை. அதை இந்த மலரில் எழுதி வைக்கிறேன்.

வரைந்தவர்: பெயர் தெரியாத ஒரு குணாப் பெண், குணா யாலா, பனாமா.